ஈசான மூலையில் நின்ற மெஷின்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கடல் தாண்டிய ஒரு தீவில், தேர் ரூஜ் என்ற ஊர்ப் பக்கம் ஒரு ஸ்வெட்டர் தொழிற்சாலையில் எலக்ட்ரானிக்ஸ் பராமரிப்பு வேலை பார்த்தேன். கோயம்புத்தூரிலிருந்து இரண்டு வருட ஒப்பந்தத்தில் போனவன். அந்தக் கூடத்தின் வாடை இன்றும் மூக்கில் நிற்கிறது. தகரக் கூரைக்குக் கீழே கம்பளிப் பிசிறு, மெஷின் எண்ணெய், வியர்வை. காறித் துப்பினால் எச்சிலோடு நூல் வரும். சாயங்காலம், நான் தங்கியிருந்த மேட்டு ஊரான வக்குவாவின் குளிரில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் மூச்சு விடுவேன்.

ஒவ்வொரு பின்னல் மெஷினின் ஓரத்திலும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு. அதற்குள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பவர் மாட்யூல். நாற்பத்தெட்டு வோல்ட் டி.சி.யை வாங்கி ஐந்து வோல்ட்டாக்கி மெஷினின் மூளைக்குக் கொடுப்பது அதன் வேலை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதற்கு நன்றாகத் தெரியும். வெளியே ஷார்ட் ஆனால் கரண்டைக் குறுக்கிக்கொள்ளும். வோல்ட் எகிறினால் வெட்டிவிடும். சூடு மிஞ்சினால் அணைந்து, ஆறியதும் தானே எழுந்துகொள்ளும். ஏன் அணைந்தேன் என்று மட்டும் ஒருவரிடமும் சொல்லாது. ஒரு சின்னச் சிவப்பு விளக்கு வைத்திருக்கலாம். வடிவமைத்த புண்ணியவான் வைக்கவில்லை.

போய்ச் சேர்ந்த முதல் வருடமே ஆயுத பூஜை என்று ஒன்றைக் கிளப்பிவிட்டேன். அங்கே பிறந்த தமிழர்களுக்குக் காவடியும் புரட்டாசிக் கோவிந்தன் விரதமும் தெரியும். மெஷினுக்குப் பொட்டு வைப்பது புதிது. வேடிக்கையாகப் பார்த்தார்கள். ஊரிலிருந்து கொண்டுபோன பெரிய பிளாஸ்டிக் சரஸ்வதி படத்தைக் கூடத்தின் ஈசான மூலையில் இருந்த மெஷினில், கிழக்குப் பார்த்த பக்கத்தில் அழுத்தி ஒட்டினேன். சாஸ்திரப்படி செய்துவிட்டதாக எனக்கு ஏகப் பெருமை.

அந்த மெஷினை ஓட்டியவள் நாற்பது வயதுக்காரி. வீட்டில் சம்பளம் கொண்டுவருவது அவள் மட்டும். பேச்செல்லாம் அந்தத் தீவின் கிரியோல், தமிழ் என்றால் கோயில் பாட்டுதான் தெரியும். படம் தன் மெஷினுக்கு வந்ததில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். தினமும் ஒரு பூ வைத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் பொத்தானைத் தொடுவாள்.

அங்கே ஜனவரிதான் கோடை, வெயில் ஏறியது. தைப்பூசத்துக்கு அவள் விரதம் பிடித்திருந்த பத்து நாளும் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு அந்த மெஷின் நின்றுபோனது. ஆள் வந்து பார்ப்பதற்குள் திரை ஒளிர்ந்துகொண்டிருக்கும், பொத்தானை அமுக்கினால் ஓடும். பட்டினிக் களைப்பில் இவளே நிறுத்திவிட்டு உட்காருகிறாள் என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்தான். அவனும் தமிழன்தான், அதே கோயில், அதே விரதம். நெற்றி நிறைய விபூதியோடு நின்று அவளுக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கிக் கொடுத்தான். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவள் என்னிடம் வந்தாள்.

"மோ பான் துஸ் நன்யே, அண்ணே. லாலிமியேர் லா மேம் இன் மோர்."

நான் ஒன்றையும் தொடவில்லை, வெளிச்சமே செத்துப்போனது என்றாள். திரை இருண்டது என்றால் மெஷினின் மூளைக்கே கரண்ட் போகவில்லை என்று அர்த்தம். மாட்யூல் சூட்டில் அணைந்து, ஆறியதும் எழுகிறது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், கூடம் காலியாக இருந்தபோது, பெட்டியைத் திறந்தேன். மாட்யூலின் மேல் பிசிறு எண்ணெய் குடித்து, செத்த எலியின் தோல் மாதிரி அப்பிக்கிடந்தது. உள்ளே இரண்டு கரப்பான்கள். காற்று போக வேண்டிய துளைகள் எங்கே என்று மூடியைத் திருப்பிப் பார்த்தேன். துளைகள் எல்லாம் கிழக்குப் பக்கம். அவற்றின் மேல் சரஸ்வதி, ஒரு மூலைகூடப் பிரியாமல், நான் ஒட்டியபடியே இருந்தாள்.

படத்தை உரித்தேன். பிசிறைச் சுரண்டினேன். துளைகளைப் பிரஷ்ஷால் தேய்த்து மூடினேன். படத்தைச் சுருட்டிப் பைக்குள் திணித்துவிட்டு, கரப்பானைத் தொட்டபோதுகூடக் கழுவாத கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். வேலைப் பதிவேட்டில் 'சுத்தம் செய்யப்பட்டது, கோளாறு இல்லை' என்று எழுதினேன். எழுதிய நேரத்தில் அது உண்மைதான். படம் எங்கே என்று அவள் கேட்டபோது, கிழிந்துவிட்டது என்றேன்.

மறுநாள், மூன்றாவது கடிதம் பற்றிய விசாரணை முடியும்வரை என்று அவளை நூல் வெட்டும் மேஜைக்கு மாற்றிவிட்டு, வேறொருத்தியை அந்த மெஷினில் நிறுத்தினார்கள். வெயில் முந்தின நாளைவிடக் கடுமை. மெஷின் ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடியது. சூப்பர்வைசர் ஒவ்வொருவராகக் கூட்டிவந்து காட்டினான்.

சனிக்கிழமை மேலாளரின் அறையில் விசாரணை. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த மெஷின் தானாக அணைந்து தானாக உயிர் பெறுமா என்று மேலாளர் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். என் ஒப்பந்தத்தை நீட்டிக்கும் காகிதம் அதே மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பெறும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று அடுத்த கேள்வி வரும். ஒட்டியவன் யார் என்று அதற்கடுத்தது வரும்.

"இப்போது மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை, சார்," என்றேன்.

நேற்று முழுக்க ஓடியதே என்று சூப்பர்வைசர் கிரியோலில் சேர்த்துக்கொண்டான். மேலாளர் மூன்றாவது கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அவளுக்கு ஆங்கிலம் புரியாது. நான் அவளுக்காகத்தான் பேசினேன் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. எழுந்து போகும்போது என் பக்கம் திரும்பி, கோயிலில் கும்பிடுவதுபோல இரண்டு கையையும் கூப்பினாள். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பதிலுக்குக் கைகூப்பினேன்.