பாதி வெளுத்த மச்சம்

மூன்று வருடங்களுக்கு முன் பாரிஸில், தமிழர் கடைத்தெருவான லா சப்பலில் நடந்தது இது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்த நகரத்து உணவகங்களில் கோப்பை கழுவினேன், பிறகு சொந்தமாகப் பலசரக்குக் கடை போட்டேன், புறநகரான லெ பிளாங்-மெனிலில் வீடு வாங்கினேன், மூன்று பிள்ளைகளையும் படிப்பித்தேன். ஒருவரும் கைகொடுக்கவில்லை. என்னைத் தூக்கிவிட்டது இடது உள்ளங்காலில் இருந்த மச்சம்தான் என்று நம்பினேன். காலில் மச்சம் உள்ளவன் கடல் தாண்டுவான் என்பார்களே!

அந்த மச்சம் ஒரு வருடமாகப் பெருத்து, ஓரம் கோணிக்கொண்டு போனது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கட்டினேன். ஒரு பக்கம் வெளுக்கத் தொடங்கியது. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காலைத் தூக்கிக் காட்டி, என் வைத்தியம் என்று பெருமையடித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் விழுந்து கும்பிட்டு எழுந்தேன். பின்னால் நின்ற, முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளை கிட்ட வந்தாள்.

“அங்கிள், உங்கடை உள்ளங்காலிலை இருக்கிறதை டொக்டரிட்டைக் காட்டினனீங்களே?”

“அது மாறிக்கொண்டு வருது பிள்ளை. பாதி போயிட்டுது.”

“அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு.”

“நீ என்ன, டொக்டரே?”

“நேர்ஸ். உங்களிட்டை இருக்கிறது ரெண்டு கால் அங்கிள். நான் எத்தினை கால் பாத்திட்டன்!”

சிரித்துவிட்டு வெளியே வந்தால், என் சப்பாத்துகளை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் குந்தியிருந்தாள். டொக்டரிடம் நாள் எடுக்காமல் தரமாட்டாளாம். மார்கழிக் குளிர். வெறுங்காலோடு எவ்வளவு நேரம் நிற்பது? சம்மதித்தேன். அங்கேயே தொலைபேசியில் நாள் எடுத்தாள். அன்றைக்குத் தானே வந்து மொழியும் பெயர்த்தாள்.

தோல் புற்றுநோய். வெட்டி எடுத்தார்கள். வெளுத்த பக்கம், என் உடம்பே புற்றோடு சண்டை பிடித்த இடம் என்றார் டொக்டர். மஞ்சளுக்கு அதில் பங்கில்லை.

“அப்ப நல்லதுதானே?” என்று கேட்டேன்.

சிலருக்கு நல்லதுதானாம். சிலருக்கு, புற்று எவ்வளவு ஆழம் போயிருந்தது என்ற தடயமே அதனால் அழிந்துவிடுமாம். நிச்சயம் சொல்ல முடியாது, விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றார். அதை அந்தப் பிள்ளை தமிழில் சொன்னாள். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். என் பிள்ளைகளுக்குக்கூட நான் அப்படிக் கை கொடுத்ததில்லை.

இன்றுவரை வேறெங்கும் பரவவில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் அவள் வருகிறாள். முடிந்ததும் குனிந்து எனக்குச் சப்பாத்து மாட்டிவிடுகிறாள்.

அவள்தான் என்னைக் காப்பாற்றினாள் என்று லா சப்பல் முழுக்கப் பேச்சு. ஓம், உண்மைதான். ஆனால் அவள் வருவதற்கு முன்பே, ஒருவர் துணையுமில்லாமல் அந்தப் புற்றில் பாதியைத் தின்றது என்னுடைய உடம்பு. அந்தப் பாதியை என் பெயரில் எழுதுங்கள். மீதிப் பாதியும், இன்று நான் ஊன்றி நடக்கிற இந்தக் காலும் அவளுடையவை.