நேராக இருந்த கோடுகள்

அந்தப் பதிப்பகத்தில் அவளைக் குமிழியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஜப்பானிய மங்கா புத்தகங்களில் பாத்திரங்களின் வாயருகே மிதக்கும் வெள்ளைக் குமிழிகளில், மொழிபெயர்த்த வசனத்தைப் பொருத்தி வைப்பது அவள் வேலை.

பதினோரு வருடமாக ஒரே கதையோடு குடித்தனம். லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒருவன் விபத்தில் செத்து, டிராகன்கள் ஆளும் உலகத்தில் கோட்டைக் காவலனாகக் கண் விழிக்கிறான். முதலில் அங்கங்கே படம் வைத்த சின்ன நாவல்களாக வந்தது, பிறகு மங்காவானது. அது ஓடு ஓடென்று ஓடியதும், ஓரமாக வந்துபோன டிராகன் வைத்தியச்சியை நாயகியாக்கி ஒரு கிளைக்கதை, எல்லோரையும் குட்டிக் குழந்தைகளாக்கி ஒரு சிரிப்புத் தொடர் என்று படர்ந்துகொண்டே போனது. அத்தனைக்கும் எழுத்து வைத்தவள் அவள்தான். டிராகன் கொட்டாவி விட்டால் எத்தனை ‘ஹா’ போட வேண்டும் என்பதில் அவள் வைத்ததே சட்டம்.

வைத்தியச்சி கதையின் ஆறாவது புத்தகத்தில், ஒரு காலை வேளை, நாற்பத்துமூன்றாம் பக்கத்தில் படத்தைச் சுற்றியிருந்த கட்டக்கோடு நடுவில் நெளிந்து தெரிந்தது. பக்கத்தை ஸ்கேன் எடுத்தவர்கள்தான் சரியாக எடுக்கவில்லை என்று நினைத்து, தன்னைவிடப் பத்து வயது இளையவளான பதிப்பாசிரியையைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் குனிந்து பார்த்துவிட்டு, “கோடு நேராத்தானேக்கா இருக்கு?” என்றாள்.

குமிழியக்கா சிரித்துச் சமாளித்துவிட்டுக் கழிவறைக்குப் போனாள். இடது கண்ணை மூடிக்கொண்டு சுவரின் ஓடுகளைப் பார்த்தாள். இணைப்புக் கோடுகள் நூல் பிடித்தாற்போல இருந்தன. வலது கண்ணை மூடினாள். எல்லாம் ஓரிடத்தை நோக்கிச் சுருங்கி வளைந்தன.

அவளுடைய அப்பாவுக்கும் அவளைப்போலவே கெட்டிக் கண்ணாடிதான். ஒருநாள் கதவு நிலை கோணலாக இருக்கிறதென்று தச்சரோடு சண்டைக்குப் போனார். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. நாற்பத்தெட்டு வயதில், வாசலில் நிற்பது யார் என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்கும் நிலைக்கு வந்துவிட்டார். அவளுக்கு இப்போது நாற்பத்தாறு.

யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று தோன்றியது. காலையில் எழுந்ததும் ஜன்னல் கம்பிகள்தான் முதல் சோதனை, ஒரு கண் மாற்றி ஒரு கண். கோப்பைக்கு வெளியே தேநீரை ஊற்றிவிட்டு, தூக்கக் கலக்கம் என்று கணவனிடம் சொன்னாள். பார்சல் வண்டி ஓட்டுகிற அந்த மனிதரும் நம்பிவிட்டார். அலுவலகத்தில் எழுத்துகளைப் பெரிதாக்கி, தலையைச் சாய்த்து, மூன்று வாரம் ஒப்பேற்றினாள்.

மூன்றாவது வாரக் கடைசியில், அச்சுக்குப் போகுமுன் கடைசியாகப் படித்துப் பார்த்த பதிப்பாசிரியை அவளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினாள். பேசுகிறவரைச் சுட்டும் வால்கள், இரண்டு குமிழிகளிலிருந்தும் நீண்டு ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் கட்டம் அது. வசனங்கள் இடம் மாறியிருந்தன. டிராகனுக்கு விஷம் வைத்தது தானே என்று வைத்தியச்சியே ஒப்புக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இத்தனை வருஷத்துல நீங்க ஒரு வசனம்கூட மாத்திப் போட்டதில்ல. என்ன ஆச்சு?”

கவனக்குறைவு என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வந்தது வேறு.

“எனக்குக் கண்ணு போயிட்டிருக்கு.”

பதிப்பாசிரியை உடனே குமிழியக்காவின் கணவனுக்குப் போன் போட்டாள். கொடுக்க வேண்டிய பார்சல்கள் வண்டியிலேயே கிடக்க, அவர் அரைமணியில் வந்து நின்றார். வழியெல்லாம் ஏன் மறைத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கண் மருத்துவமனையில் டாக்டரம்மா கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு தாளை நீட்டி, எங்கே வளைகிறது என்று வரையச் சொன்னார். அச்சு அசலாக வரைந்து கொடுத்தாள். கெட்டிக் கண்ணாடிக்காரர்களுக்கு வரக்கூடிய சிக்கல், விழித்திரைக்குப் பின்னால் வேண்டாத ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிகின்றன, இன்றே ஊசி போட வேண்டும் என்றார் டாக்டர்.

“கையிலயா?” என்று கேட்டார் கணவர்.

“கண்ணுலதான்.”

கணவரின் முகத்தில் ஈயாடவில்லை. அவளை உள்ளே படுக்க வைத்து, மருந்து விட்டு மரத்துப்போகச் செய்து, இமைகளை விலக்கிப் பிடித்தார்கள். மேலே பாருங்கள் என்றார்கள். ஊசி தெரியவில்லை. ஓர் அழுத்தம், பிறகு மை கொட்டியதுபோல் கறுப்பு வட்டங்கள். எல்லாம் முடிந்துவிட்டது, இனி இருட்டுதான் என்று நினைத்துக்கொண்டாள். நர்ஸின் கையை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள் என்பது, அந்தப் பெண் விரல்களை உதறியபோதுதான் தெரிந்தது. கறுப்பு வட்டங்கள் மருந்தோடு போன காற்றுக் குமிழிகள்தான், இரண்டு நாளில் மறைந்துவிடும் என்றாள் நர்ஸ்.

மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் என்று கேட்டாள். இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

மாதம் ஒன்றாக மூன்று ஊசிகள். நெளிவு பெரும்பாலும் அடங்கியது. ஓர் எழுத்து அளவுக்கு ஒரு மங்கல் மட்டும் போகவே இல்லை. புத்தகம் தாமதமாக, வசனங்கள் சரியான குமிழிகளில் அமர்ந்து வெளிவந்தது. அவள் வைக்கும் பக்கங்களை இப்போது இன்னொருவரும் சரிபார்க்கிறார். அதில் அவளுக்கு வருத்தமில்லை. ஆனால் ஒவ்வொரு கண் பரிசோதனைக்கும் முந்தின நாள் சோறு இறங்குவதில்லை.

மூன்றாவது ஊசி முடிந்து வந்த மாலை, அதே கெட்டிக் கண்ணாடி போட்ட தம்பிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். கோடு ஏதாவது வளைந்து தெரிகிறதா என்று கேட்டாள்.

அவன் ஜன்னல் பக்கம் நடந்து போகும் சத்தம் போனில் கேட்டது. பிறகு, “அந்த ஆஸ்பத்திரி காலையில எத்தனை மணிக்குத் திறப்பாங்க?” என்று கேட்டான்.