சிவப்பு அரளியும் தூத்துக்குடிக் கப்பலும்

தூத்துக்குடியை நான் முதலில் அறிந்தது மூக்கால்தான். சூலூரில் எங்கள் தறிக்கூடத்தின் முன் வந்து நிற்கும் லாரியின் தார்ப்பாயில் ஈர உப்பின் வாடை அடிக்கும். போகும்போது எங்கள் பக்கத்துத் துணிப் பேல்கள், வரும்போது அந்த ஊர் உப்பு. பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை என்று விரல் மடக்கி அப்பா வழி சொல்லுவார். முத்தும் சங்கும் எடுத்த ஊர், கொழும்புக்குத் தோணி விட்ட ஊர், நம் மில்களுக்குச் சீமைப் பஞ்சு வந்து இறங்குகிற ஊர் என்று அவர் அடுக்குவதைக் கேட்டால் அங்கேயே பிறந்தவர் என்று நினைக்கத் தோன்றும். ஒருமுறைகூட அவர் கடலைப் பார்த்ததில்லை.

எங்கள் துணி முதன்முதலாக நேரே கப்பலேற இருந்த வருஷம் எனக்கு ஏழு வயது. அந்த ஒரு லோடை நம்பி, வழக்கமாக வாங்கும் உள்ளூர் வியாபாரிகளையெல்லாம் அப்பா விட்டுவிட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதையும் 'பூக் கேட்டு'த்தான் தொடங்குவார்கள். வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் அன்றைக்குப் பொறுக்க வேண்டும். பேல் ஏற்றிய லாரி கோயிலுக்கு வெளியே நிற்க, என்னை எடுக்கச் சொன்னார்கள். ஒரு பொட்டலத்தின் இலை கிழிந்திருந்தது. கிழிசலில் தெரிந்த சிவப்பு எனக்குப் பிடித்திருந்தது, எடுத்துவிட்டேன்.

கப்பல் காத்திருக்காது என்று டிரைவர் கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தார்.

"சாமி நில்லுன்னா நிக்கோணுமுங்க," என்றார் அப்பா.

மறுநாள் கிளம்பிய லாரி போய்ச் சேர்ந்தபோது கப்பல் போயிருந்தது. தவணை தப்பிய சரக்கு வேண்டாமென்று வாங்க இருந்த வெளிநாட்டுக்காரர்கள் சொல்லிவிட, பேல்கள் உப்பு வாடையோடு திரும்பி வந்தன. தறிகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. "நீ என்ன கண்ணு பண்ணுவே," என்று அப்பா என் தலையைத் தடவியபோதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பயந்து வெளியே ஓடிவிட்டேன்.

தறிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது டயர் கடை. மாலையில் போகும் கன்டெய்னர் லாரி விடிவதற்குள் துறைமுகம் சேர்ந்துவிடுகிறதாம். அப்பாவுக்கு ஞாபகம் தப்பிவிட்டது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கன்டெய்னர் போகும்போதெல்லாம் யாரோ அயலாரைக் கேட்பதுபோல என்னைக் கேட்கிறார், "ஏனுங்க, நம்ம கப்பல் போயிருச்சுங்களா?"

போன மாதம் பொறுக்கமாட்டாமல், கிழிந்த இலையைப் பற்றி ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். கவனமாகக் கேட்டார்.

"எந்த ஊட்டுப் புள்ளைங்க அது? பாவம், அதைத் திட்டிப்போடாதீங்க," என்றார்.