மகள் நோட்டில் நான் எழுதியது

என் மகள் பெரிய வாயாடி. இன்றைக்கு அவளைப் பார்க்கிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். எட்டாம் வகுப்பு படித்த காலத்தில் பல் விளக்கும்போதுகூடப் பேசுவாள், வாய் நிறைய நுரையை வைத்துக்கொண்டு. எந்த டீச்சர் என்ன சேலை கட்டி வந்தார், கீரனூர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் யாரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டார், எல்லாச் செய்தியும் சுடச்சுட வீட்டுக்கு வந்துவிடும். நான் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே, “ஏ புள்ள, செத்த நேரம் வாய மூடுறியா? ஊசி கையில ஏறிரும்போல இருக்கு” என்று கத்துவேன். கத்தாத நாள் கிடையாது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

அவளுக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, பஸ்ஸிலும் பக்கத்துப் பக்கத்து சீட்டு. என் மகள் பேசிக்கொண்டே இருப்பாள், அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கும். என்னை அத்தை என்று கூப்பிடும். இந்த வாயாடிக்கு இப்படி ஒரு ஜோடி எங்கேதான் கிடைத்ததோ என்று நானும் என் வீட்டுக்காரரும் சிரித்துக்கொள்வோம்.

அந்த வருஷம் முழுப் பரீட்சைக்கு முன்பே ஊரடங்கு வந்துவிட்டது. எல்லாரும் பாஸ் என்று அறிவித்தார்கள். பிள்ளைகள் தெருவில் குதித்தார்கள். என் வீட்டுக்காரர் திருச்சியில் வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர், தினமும் பஸ்ஸில் போய் வருவார். பஸ் நின்றதும் அவரும் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். எனக்கு மட்டும் வேலை கூடிப்போனது. மகளிர் குழுவில் முகக்கவசம் தைக்கச் சொன்னார்கள். வீடு முழுக்க நீலத்துணி கிடந்தது, சோற்றில்கூட நூல் வந்தது.

ஒன்பதாம் வகுப்பு போனிலேயே தொடங்கியது. வீட்டில் இருந்த ஒரே பெரிய போன் என்னுடையது. காலையில் வகுப்பு மிஸ் வாட்ஸ்அப் குரூப்பில் கேள்விகளைப் போடுவார். பிள்ளைகள் நோட்டில் பதில் எழுதி, சாயங்காலத்துக்குள் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். மூன்று நாள் சேர்ந்தாற்போல் போட்டோ வரவில்லையென்றால் மிஸ் வீட்டுக்குப் போன் செய்வார். பெற்றவர்களிடம் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு, போனைப் பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லி, என்ன ஏது என்று தனியாக விசாரிப்பார். நல்ல மனுஷி அவர். ஆனால் எங்கள் குழுப் பெண்களுக்குள் அது ஒரு கேவலமாகிவிட்டது. “அவ வீட்டுக்கு மிஸ் போன் போட்டுருச்சாம்ல” என்று முகக்கவசம் மடிக்கிற இடத்தில் வாய்க்கு வாய் பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன். என் வீட்டுக்கு அப்படி ஒரு போன் வந்தால் மானம் கப்பலேறிவிடும் என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது.

ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி அரக்குக் கலர் ஜாக்கெட் துணியோடு வந்தாள். கூடவே அந்தப் பிள்ளையும்.

“அக்கா, கொஞ்சம் அவசரமாத் தச்சுக் குடுங்க. அடுத்த வாரம் கல்யாணம். எங்க அண்ணன் மகனுக்குத்தான் குடுக்குறோம், மீமிசல் பக்கம்.”

“யாருக்குடி கல்யாணம்?” என்றேன். அவள் பிள்ளையைப் பார்த்தாள். எனக்குத் திக்கென்றது. அதை மறைக்க விரும்பவில்லை, திக்கென்றுதான் இருந்தது. “ஒம்பதாங் கிளாஸ் படிக்கிற புள்ளைக்கா?” என்றும் கேட்டேன்.

“எங்கிட்டுப் படிக்கிது? பள்ளிக்கூடம் எப்பத் தொறக்கும்னு யாருக்குத் தெரியும்? வீட்டுல சும்மாதான கெடக்கு. இப்பன்னா இருவது பேரோட முடிஞ்சிரும்.”

அடுத்த வீட்டு விஷயம், நமக்கென்ன என்று டேப்பை எடுத்தேன். என் மகள் வாசல்நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை கையைத் தூக்கு என்றால் தூக்கியது, திரும்பு என்றால் திரும்பியது.

அந்த வாரம்தான் என் மகள் நோட்டைத் தொடாமல் கிடந்தாள். முதல் நாள் திட்டினேன். இரண்டாம் நாள் முதுகில் ஒன்று வைத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கும் நோட்டு மூடியே இருந்தது. “எழுதுடி” என்றால், “தல வலிக்கிது” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நாளைக்குக் காலையில் மிஸ் போன் வந்துவிடும். என்னம்மா, ஏன் எழுதவில்லை என்று ஒரு வார்த்தை பதமாகக் கேட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன்? நோட்டைப் பிடுங்கி, புத்தகத்தைப் பிரித்து, மெஷின் பலகையில் வைத்து நானே எழுதினேன். சமூக அறிவியல், ஐந்து கேள்வி. நான் பத்தாவது வரை படித்தவள். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தக் காலத்தில் என் பரீட்சைத் தாளை வகுப்புச் சுவரில் ஒட்டிவைத்தார்கள். மகளுக்கும் கிட்டத்தட்ட அதே எழுத்துதான். போட்டோ எடுத்து அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் மிஸ் பதில் போட்டார். ‘வெரி குட்.’ பக்கத்தில் இரண்டு கை தட்டுகிற படம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பத்தாவது முடித்ததும் போதும் என்று என்னை நிறுத்திக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எனக்கு ஒரு டீச்சர் வெரி குட் சொல்வது அன்றைக்குத்தான். மறுநாளும் எழுதினேன். அதற்கு மறுநாளும். முகக்கவசத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு மத்தியானம் மூன்று மணிக்கு நோட்டோடு உட்கார்ந்துவிடுவேன். கணக்கு வராவிட்டால் என் வீட்டுக்காரரைக் கேட்பேன். “நீ என்னமோ கலெக்டர் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரில இருக்கு” என்று கேலி செய்வார். மகள் படுத்த வாக்கில் எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பேசவே மாட்டாள்.

கல்யாணம் காலை முகூர்த்தத்தில் கோவில் வாசலில் நடந்தது. எல்லார் மூக்கிலும் நான் தைத்த முகக்கவசம். என் மகள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். “கூடப் படிச்ச புள்ள கல்யாணத்துக்குப் போகாம அப்படி என்னடி வீம்பு?” என்று திட்டிவிட்டு நான் மட்டும் போனேன்.

அதற்குப் பிறகு வீட்டில் சத்தமே இல்லை. கேட்டால் ‘ம்’ என்பாள், ‘இல்ல’ என்பாள். சாப்பிடு என்றால் நான்கு வாய் சாப்பிடுவாள். வீட்டுக்குள்ளேயே முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வந்து போகிறவர்கள், “ஒம் மகளா இது? எம்புட்டு அடக்கமாயிருச்சு!” என்றார்கள். எனக்குத் தலை நிமிர்ந்தது. “பின்ன, யாரு வளப்பு?” என்றேன். அட, கூறுகெட்டவளே! இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. என் பிள்ளை என் கண் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தாள். நான் அதற்கு அடக்கம் என்று பெயர் வைத்துப் பெருமைப்பட்டேன்.

பத்தாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். முதல் வாரமே மிஸ் அவளைப் போர்டில் ஒரு கணக்குப் போடச் சொல்லியிருக்கிறார். நோட்டில் அவ்வளவு அழகாகப் போட்டு அனுப்பிய பிள்ளையாயிற்றே என்று நம்பிக் கூப்பிட்டிருக்கிறார். இவள் சாக்பீசைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. சாயங்காலம் மிஸ் எனக்குப் போன் செய்தார்.

“தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. போன வருஷம் நோட்டுல எழுதுனது யாருங்க?”

“எம் மகதாங்க” என்றேன். அந்த நேரத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

மறுவாரத்திலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. பையை மாட்டி வாசல் வரை கொண்டுபோய் விடுவேன், பஸ் வந்து நிற்கும், இவள் ஏறமாட்டாள். கண்டக்டர் விசில் அடித்துவிட்டுப் போய்விடுவார். பொதுத்தேர்வில் முதல் நாள் தேர்வுக்கு மட்டும் போனாள். தமிழ்த் தாளில் நம்பரை எழுதிவைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். நான் அடிக்கக் கை ஓங்கினேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு. ஒனக்குத் தெரியலையா?” என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மனநல டாக்டர் ஒரு அம்மா. “எப்பருந்து இப்படி இருக்கா?” என்று என்னைக் கேட்டார். “ஊரடங்குலருந்துங்க” என்றேன். “நெறயப் புள்ளைங்க இப்படித்தான் வர்றாங்கம்மா” என்று சொல்லி மாத்திரை எழுதினார், மாதா மாதம் வரச் சொன்னார். போனோம். தூக்கம் வந்தது, சாப்பாடு இறங்கியது. இரண்டு வருஷம் கழித்துத் தனித்தேர்வு எழுதிப் பத்தாவது பாஸ் செய்தாள். அதற்கு மேல் படிக்கமாட்டேன் என்றுவிட்டாள். என்னோடு உட்கார்ந்து கொக்கி தைக்கிறாள், ஓரம் அடிக்கிறாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவ்வளவுதான்.

போன வருஷம் கீரனூர் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. என் மகள் வயதுதான், பார்த்தால் முப்பது சொல்லலாம். “அவ என்ன அத்தை படிக்கிறா?” என்று ஆசையாகக் கேட்டது. “காலேஜ் போறா ஆத்தா” என்று பொய் சொல்லிவிட்டு, நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது என் பஸ்கூட இல்லை.

இந்தத் தை மாதம் குளத்தூர்ப் பக்கமிருந்து ஒரு அம்மா தன் பெண்ணுக்குக் கல்யாண ஜாக்கெட் தைக்க வந்தார். நான் டேப்பை எடுக்கப் போனேன். என் மகள் எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு நேராக நின்று, “ஒங்களுக்கு என்ன வயசு?” என்று கேட்டாள்.

“இருவத்திமூணு. நர்சிங் முடிச்சிட்டேன்.”

“ஒங்களுக்கு இதுல இஷ்டம்தானே?”

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. பெண் சிரித்துக்கொண்டே, “இஷ்டம்தான்” என்றது. அதற்குப் பிறகுதான் இவள் அளவெடுத்தாள். அவர்கள் போனதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏண்டி, ஜாக்கெட் தைக்க வந்தவுககிட்ட என்னடி போலீஸ் விசாரணை? இனிமே நம்ம வீட்டு வாசல மிதிப்பாகளா?”

அவள் தரையில் உட்கார்ந்து ஒரு சேலைக்கு ஓரம் அடிக்கத் தொடங்கினாள். தலை நிமிராமலே பேசினாள். அத்தனை வருஷத்தில் அவள் சேர்ந்தாற்போல் பேசியது அன்றைக்குத்தான்.

“அவகிட்டயும் யாராச்சும் கேட்டிருக்கணும்ல. அதுக்குத்தான் நான் எழுதாம இருந்தேன்.”

“எதுக்கு?”

“மூணு நாள் போட்டோ வரலேன்னா மிஸ் போன் பண்ணுவாங்கள்ல. போன எங்கிட்டக் குடுக்கச் சொல்லுவாங்க. அப்ப அவ கல்யாணத்தச் சொல்லிரலாம், மிஸ் எப்படியாச்சும் நிப்பாட்டிருவாங்கன்னு இருந்தோம். நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் யோசிச்சோம். நானாப் போன் பண்ணிச் சொல்லப் பயமா இருந்துச்சு. அவங்களாக் கேட்டுச் சொன்னா தப்பில்லைல்ல. ரெண்டு நாள் ஆச்சு. மூணாவது நாள் நீ எழுதி அனுப்பிட்ட.”

அவள் ஊசியில் இன்னொரு நூலைக் கோத்துக்கொண்டாள்.

“மறுநா காலையில அவ கொல்லச் சுவத்துக்கு அங்கிட்டு நின்னு, ‘மிஸ் பேசுனாங்களா’ன்னு கேட்டா. இல்லன்னேன். அதுக்கு மறுநாளும் கேட்டா. நீதான் தெனமும் எழுதுனியே. அப்புறம் அவ கேக்கல.”

“அடிப்பாவி, எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேடி! நான் ஒன்னப் பெத்தவ இல்லையா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே மிஸ்ஸுக்குப் பேசியிருப்பேனே!”

அவள் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“அளவெடுக்கும்போது நீ அவகிட்டச் சொன்னியேம்மா, ‘வளர்ற புள்ள, உள்ள ரெண்டு இஞ்சு துணி விட்டுத் தைக்கிறேன், பின்னாடி பிரிச்சு விட்டுக்க’ன்னு. அவ சின்னப் புள்ளன்னு ஒனக்குத் தெரிஞ்சுதானே இருந்துச்சு. பெறகு ஒங்கிட்ட நான் என்னத்தச் சொல்றது?”

அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன். சின்னப் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் அப்படித்தான் தைப்பேன்.