தைரியசாலி என்று நான் எழுதிய கஸ்தூரி

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து மனநலப் பிரிவுகளில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, நான் செய்த ஒரு தவறை எழுதுகிறேன்.

கஸ்தூரி வளவனூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சத்துணவு சமையலர். கணவர் விபத்தில் இறந்து ஆறு மாதமாகியும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்கும் போகவில்லை. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, கவுன்சலிங்குக்கு என்னிடம் அனுப்பினார்.

நோயாளியின் குறையை மட்டும் பார்க்காமல் அவர் குணத்தில் உள்ள பலத்தையும் பாருங்கள் என்று அப்போதுதான் எங்களுக்கு டிரெய்னிங் கொடுத்திருந்தார்கள். அந்த உற்சாகத்தில், பத்து நிமிடப் பேச்சிலேயே கேஸ் ஷீட்டில் ‘பலம்: தைரியம்’ என்று எழுதினேன். தனியாளாக மகளைப் படிக்க வைக்கிறீர்கள், நீங்கள் தைரியசாலி என்று அவரிடமும் சொன்னேன். தலையாட்டினார்.

அதன் பிறகு இரண்டு ரிவ்யூவுக்கு அவர் வரவில்லை. போன் செய்தேன். பத்தாவது படிக்கும் மகள் தேன்மொழி எடுத்தாள். அம்மா மாத்திரையையும் நிறுத்திவிட்டதாம்.

“அம்மாவ தனியா வுட்டுட்டு ஸ்கூலுக்குப் போக பயமா இருக்கு மேடம்.”

அன்று மதியமே பஸ் ஏறினேன்.

கஸ்தூரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

“சொந்தக்காரங்க, டீச்சருங்க, எல்லாரும் தைரியசாலின்னு சொல்லிக்கினே இருக்காங்க. நீங்களும் அதயேதான் சொன்னீங்க. அப்ப நான் யார்கிட்ட போயி அழறது?”

தப்பு என்மேல்தான் என்று ஒப்புக்கொண்டேன். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன். இரண்டு முறை தோன்றியதாகவும், மகளை நினைத்து நின்றுவிட்டதாகவும் சொல்லி அழ ஆரம்பித்தார். அழுது முடியட்டும் என்று கூடவே இருந்தேன். அழுது ஓய்ந்தபோது நான் பிளாஸ்டிக் நாற்காலியில் சற்று நகர்ந்து உட்கார, அது கிறீச்சிட்டது.

கஸ்தூரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பாத்து ஒக்காருங்க மேடம். அதுக்கும் நீங்கதான் கவுன்சலிங் குடுக்கணும். காலு ஆடிக்கினு கெடக்குது.”

உள்ளே தேன்மொழி சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையானது. வெளியே வந்து அம்மாவின் தோளில் முகம் புதைத்தாள். “அம்மா இப்டிதான் மேடம் பேசும். இத்தினி மாசமா பேசவே இல்ல.”

மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனோம். மாத்திரை தேன்மொழியின் பொறுப்பு. அவள் பள்ளியிலிருந்து வரும்வரை கஸ்தூரியின் நாத்தனார் துணைக்கு இருப்பது என்று முடிவானது. நான் சொன்னது ஒன்றுதான்: தினம் சாயங்காலம் மகளிடம் சிரிக்கிற மாதிரி ஒரு விஷயம் சொல்லுங்கள், முடியாத நாளில் அழுங்கள். முதல் வாரம் முழுக்க அழுகைதான். இரண்டாம் வாரத்தில், பக்கத்து வீட்டு ஆடு ரேஷன் கார்டைத் தின்ற கதை வந்தது. நான்கு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார்.

ஒருவரின் பலம் எது என்று நாம் முந்திக்கொண்டு சொன்னால், அதையும் அவர்தான் சுமக்க வேண்டியிருக்கிறது. அவர் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்தால், அந்தப் பலம் தானாகவே வெளியே வரும். கஸ்தூரியிடம் நான் கற்றது இதுதான்.

வேலைக்குப் போன பிறகு வந்த முதல் ரிவ்யூவில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“நேத்து ஒரு பொண்ணு முட்டைய தொடாம ஒக்காந்துக்கினு இருந்துச்சு. ‘காலையிலேர்ந்து ஒன்னத்தான் கேட்டுக்கினு இருக்குது இந்த முட்ட’ன்னேன். சிரிச்சிட்டு சாப்ட்டுச்சு. அப்புறம் நான் சமையல் ரூமுல போயி கொஞ்ச நேரம் அழுதேன்” என்றார். “ரெண்டும் நடக்குது மேடம்.”