சுற்றி வந்த இருபத்தைந்து வெள்ளி

விதி இது: குழந்தைக்கு ஜீவனாம்சம் கட்டும்படி உத்தரவிடப்பட்டவரின் வருமானம் குறைந்துபோனால், உத்தரவு போட்ட நீதிமன்றத்தில் அதை நிரூபித்து, மாதத் தொகையைக் குறைக்கும்படி கேட்கலாம். நியாயமென்று கண்டால் நீதிமன்றம் குறைக்கலாம், பாக்கியையும் தள்ளிவிடலாம். சொற்கள் என்னுடையவை, பொருள் சட்டத்தினுடையது. பணிக்காலம் முழுவதும் இந்த வகைக் கோப்புகளைச் சுமந்தவன் என்பதால் என்னை நம்பலாம்.

நல்ல விதி. விசாரிக்க எத்தனை நாள் ஆகலாம் என்று மட்டும் அதில் சொல்லவில்லை.

1. அந்தப் பக்கத்து உத்தரவு

காட்டுக்குள் பதுங்கிய கம்யூனிஸ்டுகளை ஒடுக்க மலாயாவில் வெள்ளைக்காரர் எமர்ஜென்சி போட்டிருந்த காலம். மலாக்கா மாநிலத்தின் வடக்கே, புலாவ் செபாங் ரயில் ஸ்டேஷனிலிருந்து பஸ் ஏறி வரும் தூரத்தில் ஒரு சின்ன நீதிமன்றம். அதில் நான் தலைமைக் கிராணி, அதாவது எழுத்தர்; தமிழ் மொழிபெயர்ப்பாளரும் நானே. வேலை இரண்டு, சம்பளம் ஒன்று. மாஜிஸ்திரேட் துரை வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் நீதி பூட்டியிருக்கும். காசு வாங்கும் கவுண்டர் மட்டும் திறந்திருக்கும்.

அந்தக் கவுண்டருக்கு வந்தவன்தான் கறுப்பையா. பால்மரம் சீவுகிறவன். முன்பு எல்லைக்கு அந்தப் பக்கம், அடுத்த மாநிலத்துத் தோட்டமொன்றில் இருந்தான். அங்கே மனைவி அஞ்சலையும் அவனும் பிரிந்தார்கள். எதற்காக என்பது கோப்பில் இருக்கிறது, இங்கே தேவையில்லை. ஒரே மகள் சரசு. மகளுக்கு மாதம் இருபது வெள்ளி, அதாவது இருபது மலாயா டாலர், கட்ட அந்தப் பக்கத்து நீதிமன்றம் உத்தரவு போட்டது. ரப்பர் விலை உச்சியில் இருந்த வருடம் அது. கையில் காசு புரண்டதால் கறுப்பையாவும் மறுக்கவில்லை.

பிறகு விலை விழுந்தது, கூலியும் விழுந்தது. ஊரடங்கு வந்தது. விடிந்து வெளிச்சம் வந்தபின்தான் தொழிலாளர் லய வீடுகளைச் சுற்றிய கம்பி வேலியின் கதவைத் திறப்பார்கள். வெயில் ஏறிவிட்டால் மரம் சரியாகப் பால் விடாது. ஆகவே சீவியும் வரும்படி இல்லை. இருபது வெள்ளி மட்டும் இருபது வெள்ளியாகவே இருந்தது. அவன் மாதம் பத்து கட்டினான், சில மாதம் பன்னிரண்டு. பாக்கி ஐம்பது வெள்ளி ஆனபோது இருவருமே எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு வந்துவிட்டார்கள். அவன் ஒன்றில், அவள் தன் அண்ணன் இருந்த இன்னொன்றில். வசூலிக்கும் வேலை எங்களுக்கு அனுப்பப்பட்டது. குறைக்கும் அதிகாரம் மட்டும் அந்தப் பக்கத்திலேயே தங்கிவிட்டது.

முதல் நாள் அவன் எட்டு வெள்ளியை நீட்டினான். ஐந்து வெள்ளி நோட்டு ஒன்று, மிச்சம் சில்லறை.

“மிச்சம் எங்க காணும்?” என்று கேட்டேன். எங்கள் வீட்டில் யாழ்ப்பாணப் பேச்சு. கவுண்டருக்கும் அதுவேதான் வரும்.

“இவ்ளோதான் இருக்கு, கிராணி ஐயா. மரம் பால் விடமாட்டேங்குதுலா. நான் என்ன, பிழிஞ்சா எடுக்க முடியும்?”

“இதை அங்க சொன்னனீரோ?”

“எங்க சொல்றது? சொன்னா கேக்கிறவுக யாரு?”

கேட்பதற்கென்றே ஒரு விதி இருப்பதைச் சொல்லி, குறைப்பு விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்தேன். சம்பளச் சீட்டுகளை இணைத்து, அந்தப் பக்கத்து நீதிமன்றத்துக்கு அனுப்பினேன். நடந்தே ஒரு நாளில் போய்த் திரும்பலாம், அவ்வளவுதான் தூரம். சித்திரையில் அனுப்பினேன். ஆடியில் ஒரு நினைவூட்டுக் கடிதம், ஆவணியில் இன்னொன்று. பதில் இல்லை.

2. காதுகுத்து

சரசுவுக்குக் காதுகுத்து வைத்தார்கள். மடியில் உட்கார வைத்துக் குத்தும் உரிமை தாய்மாமனுக்கு. அந்தத் தாய்மாமன் ரெங்கசாமி, அஞ்சலையின் அண்ணன், லாரி டிரைவர். தங்கையைத் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றியவன் என்பதை மறக்காமல் எழுதவேண்டும். அதை ஊரில் யாரையும் மறக்கவிடாதவன் என்பதையும் எழுதவேண்டும்.

“அப்பன்காரன் வருவான், பாருங்க. வெத்துக் கையை வீசிக்கிட்டு வந்து பிரியாணி தின்னுட்டுப் போவான்” என்று அவன் லயம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். அது கறுப்பையாவின் காதுக்குப் போயிற்று.

தோட்டத்தில் பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஐந்து வெள்ளி போட்டு, மாதம் ஒருவராக எடுத்துக்கொள்ளும் கூட்டு ஒன்றில் கறுப்பையா இருந்தான். அந்த மாதம் ஐம்பது வெள்ளி அவன் கைக்கு வந்தது. நீதிமன்றப் பாக்கியில் கட்டத்தான் எடுத்தான். ஆனால் காதுகுத்துக்கு முதல் நாள் பட்டணத்துக்குப் போய், ஒரு பவுனில் சங்கிலி வாங்கினான். மறுநாள் சபை நடுவில் மகள் கழுத்தில் போட்டான். ரெங்கசாமியின் வாய் அடைத்தது என்று கேள்வி.

அடைத்த வாய் இரண்டு வாரத்தில் எங்கள் நீதிமன்றத்தில் திறந்தது. பாக்கி வழக்கு எடுக்கப்பட்ட நாளில் ரெங்கசாமி சாட்சிக் கூண்டில் ஏறினான்.

“காசில்ல காசில்லன்னு இங்க வந்து அழுவுறாரு, துரை. ஒரு பவுன் சங்கிலி மட்டும் வானத்துலேர்ந்து விழுந்துச்சாமா?”

ஒரு சொல்லும் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். துரை கறுப்பையாவைப் பார்த்தார்.

“அது புள்ளைக்குத்தானே போட்டேன்? புள்ளைக்குப் போட்டது கணக்குல வராதா?” என்றான் கறுப்பையா. உண்மையிலேயே அவனுக்குப் புரியவில்லை. சங்கிலி போட்ட அன்றே பாக்கியில் பாதி தீர்ந்தது என்றுதான் நினைத்திருந்தான்.

“அது சீர். பாக்கியில கழியாது!” என்றான் ரெங்கசாமி கூண்டிலிருந்தே. சட்டமும் அதையேதான் சொல்கிறது, இத்தனை சுருக்கமாக அல்ல.

அஞ்சலை எழுந்து நின்றாள். “எனக்கு அந்தப் பாக்கியே வேணாம், துரை. மாசா மாசம் முடிஞ்சதக் குடுத்தாப் போதும்.”

உத்தரவு தன்னுடையதல்ல, வசூலிக்கத்தான் முடியும், தள்ள முடியாது என்றார் துரை. அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்ததா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். சங்கிலி வாங்க வசதியுள்ளவன் பாக்கி கட்டவும் வசதியுள்ளவன் என்று குறித்துக்கொண்டார். அதற்குள் நூறு வெள்ளி ஆகிவிட்ட பாக்கி முழுவதையும் நான்கு வாரத்துக்குள் கட்டவேண்டும். தவறினால் சிறை.

சிறை என்றால் அந்த நாளில் சிறை மட்டுமல்ல. உள்ளே போய் வந்தவனைத் தோட்டத்தில் திரும்ப எடுக்கமாட்டார்கள். வேலை இல்லாதவனுக்கு வேலிக்குள் வீடு இல்லை. வேலிக்கு வெளியே சுற்றுகிற ஆம்பளையை யாரும் நல்ல எண்ணத்தோடு பார்க்காத காலம். கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு அஞ்சலைக்கும் எட்டியது.

3. முதல் சுற்று

கறுப்பையா ஒரு காண்ட்ராக்டரிடம் சேர்ந்தான். பதுங்கிச் சுடுகிறவர்களுக்கு மறைவு இருக்கக்கூடாது என்று சாலையின் இருபுறமும் புதரை வெட்டுகிற வேலை. மரம் சீவி முடித்து, பால் கொட்டிவிட்டு, ஊரடங்குவரை லாலான் புல்லோடு மல்லுக்கட்டினான். அந்தக் கூலி மாதத் தொகைக்கும் கூட்டுக்கும் சரியாகப் போயிற்று. நூறு அப்படியே நின்றது.

முதல் வாரம் வெள்ளிக்கிழமை அவன் வந்து, பாக்கிக் கணக்கில் இருபத்தைந்து வெள்ளி கட்டினான். ரசீது போட்டேன். அடுத்த அமர்வில் துரை வவுச்சரில் கையெழுத்திட்டார். அஞ்சலை வந்து பெருவிரல் ரேகை வைத்துப் பணத்தை வாங்கினாள். நடைமுறை சுத்தம்.

இரண்டாம் வாரம் மறுபடி இருபத்தைந்து. அப்போதுதான் ஜன்னல் வழியே பார்த்தேன். எதிரே தேநீர்க் கடை வாசலில் அஞ்சலை நின்றிருந்தாள். கறுப்பையா அவளிடமிருந்து பணத்தை வாங்கிக்கொண்டு நேராக என் கவுண்டருக்கு வந்தான்.

“இது ஆற்ற காசு காணும், உம்மடதோ?”

அவன் தலையைச் சொறிந்தான். “அவகிட்டயே கேளுங்களேன்.”

அவளைக் கூப்பிட்டேன். “இஞ்ச பாரும் பிள்ளை, இது என்ன விளையாட்டு?”

“வெளையாட்டு ஒன்னுமில்ல, ஐயா. சங்கிலிய அடகுக்கடையில வச்சேன். சீனன் இருவத்தஞ்சு குடுத்தான். அத அவரு கையில குடுத்தேன், அவரு ஒங்ககிட்ட கட்டுனாரு, நீங்க எனக்குக் குடுத்தீங்க. இப்ப மறுபடியும் குடுக்கிறேன்.”

“அப்ப உமக்கு வரவேண்டிய காசை நீரே கட்டுறீர்.”

“ஆமா.”

“நூறு வெள்ளி நட்டம், விளங்குதோ?”

“அவரு உள்ள போனா நூறும் வராது, மாசக் காசும் வராது. வெளிய கெடந்தா பத்தாச்சும் வரும். யாருக்கு நட்டம்? நீங்களே சொல்லுங்க.”

கறுப்பையா குறுக்கிட்டான். “வட்டிய நான் கட்டிருவேன், ஐயா.”

“கட்டித்தான் ஆவணும்” என்றாள் அஞ்சலை, அவன் பக்கம் திரும்பாமலே. “சங்கிலி அடகுலயே முழுவிப் போச்சுன்னா அப்பறம் பாரு.”

அன்று மாலை எல்லாச் சுற்றறிக்கைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு தேடினேன். பணம் எங்கிருந்து வரவேண்டும் என்று எதிலும் இல்லை. யாருக்காக யார் வேண்டுமானாலும் கட்டலாம். வாங்கியவள் அதை என்ன செய்யவேண்டும் என்பதும் இல்லை. விதி எழுதியவர்கள் எல்லாத் திருட்டையும் யோசித்திருந்தார்கள். இப்படி ஒன்றை யோசிக்கவில்லை. தடை இல்லாததை அனுமதி என்றே கொள்ளவேண்டும் என்பது என் கட்சி.

மூன்றாம் வவுச்சரில் துரை பேனாவை நிறுத்தினார். “இந்த ஆளுக்கு வாராவாரம் இருபத்தைந்து வெள்ளி எங்கிருந்து வருகிறது?”

“வசூலிக்கத்தான் நமக்கு அதிகாரம் என்று தாங்கள் சொன்னீர்கள், சார். வசூலாகிறது.”

என்னை நிமிர்ந்து பார்த்தார். “அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா?”

“ஒவ்வொரு தடவையும் அவள்தான் ரேகை வைக்கிறாள், சார். நன்றாகவே தெரியும்.”

பிறகு கையெழுத்திட்டார். நான்காவதையும் கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

4. கெடு நாள்

நான்காம் வாரக் கெடு நாளில் கறுப்பையா வரவில்லை. காலையில்தான் செய்தி கிடைத்தது. அவன் தோட்டத்துக்கு அருகில் முதல் நாள் மாலை யாரோ சுட்டிருக்கிறார்கள். தோட்டம் முழுக்க இருபத்துநாலு மணி நேர ஊரடங்கு. உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது. கெடுவுக்கு ஊரடங்கு விலக்கு உண்டா என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

ரெங்கசாமி மட்டும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டான். லாரியை வெளியே நிறுத்திவிட்டு, கவுண்டர் பக்கத்துப் பெஞ்சில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

“என்ன கிராணி ஐயா, நம்ம மச்சான் வரல போல? நாலு மணிக்கு மூடிருவீங்கல்ல?”

மூன்றே கால் மணிக்கு அஞ்சலை வந்தாள். வழியில் இரண்டு இடத்தில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டிருக்கிறார்கள். அண்ணனைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினாள். பிறகு நேராகக் கவுண்டருக்கு வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து நோட்டுகளை வைத்தாள்.

“அவரு பேருக்குக் கட்டணும்.”

ரெங்கசாமி எழுந்துவிட்டான். “ஏய், என்ன செய்யிற? ஒனக்கு வர்ற காச நீயே கட்டுறியா? புத்தி கெட்டுப் போச்சா?”

“ஒனக்கென்ன?”

“எனக்கென்னவா? ஒனக்காகத்தானே நான் கூண்டுல ஏறிச் சாட்சி சொன்னேன்!”

“நான் சொன்னேனா ஏறச் சொல்லி? மடியில வச்சுக் காது குத்துன, அதோட ஒன் வேல முடிஞ்சிருச்சு. புள்ளைக்கு அப்பன் வெளிய இருக்கணுமா, உள்ள இருக்கணுமான்னு நான் சொல்றேன்.”

“இனிமே என் வீட்டுல…”

“காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறேன், மரம் சீவுறேன், வாடகை மாதிரி ஒன் பொண்டாட்டி கையில மாசம் எட்டு வெள்ளி குடுக்கிறேன். அது ஒனக்குத் தெரியாது. போய்க் கேளு.”

அது அவனுக்குத் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு, “எப்படியோ போங்க” என்று லாரியை நோக்கிப் போனான். வாசலில் திரும்பி, “பஸ் போயிருச்சுன்னா சொல்லு, ஏத்திக்கிட்டுப் போறேன்” என்றான். கெட்டவன் இல்லை, சத்தம் மட்டும் அதிகம்.

நான் நான்காம் ரசீதை எழுதினேன். பாக்கி: இல்லை. அந்த இரண்டு சொல்லை எழுதியபோது என் தோள் இறங்கியதை இப்போதும் உணரமுடிகிறது. கடைசி வவுச்சர் கையெழுத்தானதும் அதே இருபத்தைந்தைக் கொண்டுபோய் அஞ்சலை சங்கிலியை மீட்டாள். வட்டியைக் கறுப்பையா கொடுத்தான், புல்லு வெட்டின காசில்.

5. பதில்

இளைய கிராணிகள் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள்: மேலிடத்துப் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று. நினைவூட்டுக் கடிதம் போடுங்கள், நகலைப் பத்திரமாக வையுங்கள் என்பேன். ஆனால் ஆளைக் காத்திருக்க வைக்காதீர்கள். கடிதம் காத்திருக்கலாம், அதற்குப் பசிக்காது. விதிக்குள் வேறு வழி இருந்தால் ஜனங்கள் அதை உங்களுக்கு முன்பே கண்டுபிடித்திருப்பார்கள். நீங்கள் அதை மறிக்காமல், ரசீதைச் சரியாக எழுதிக் கொடுத்தால் போதும். எனக்கு இது புரிய ஒரு பால்மரம் சீவுகிற பெண் தேவைப்பட்டாள்.

அந்தப் பக்கத்து நீதிமன்றம் கடைசியில் விசாரித்தது. மாதத் தொகையைப் பன்னிரண்டு வெள்ளியாகக் குறைத்தது. கூலி விழுந்த மாதத்திலிருந்தே குறைத்தது. கணக்குப் பார்த்தால், கட்டிய அந்த நூறில் பாதிக்கு மேல் கட்டவே வேண்டியிருந்ததில்லை. முறைப்படி அது அஞ்சலை அவனுக்குத் திருப்பித் தரவேண்டிய தொகை. இருவரையும் வரவழைத்துச் சொன்னேன், சொல்வது என் கடமை.

“அப்ப இவ எனக்குத் தரணுமா, ஐயா?” என்று கறுப்பையா வாயைப் பிளந்தான்.

“வா, வாங்கிக்க” என்றாள் அஞ்சலை. முதன்முறையாக அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். “புள்ளைக்குக் கால்ல போடச் சப்பாத்து இல்ல. வாங்கிட்டு நேராக் கடைக்குப் போ.”

கோப்பில் ‘மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதி மூடினேன். பதில் வந்துசேர்ந்தது 1954-ஆம் ஆண்டு, தைப்பூசத்துக்கு முந்தின வியாழக்கிழமை.