கீபோர்டு செத்த காலையில் ஒரு தாய்மாமன்

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில், வெளியே போகிற லாரிகளுக்கு கேட் பாஸ் போட்டுக் கொடுப்பது என் வேலை. என் மேசையில் இருப்பது பேருக்குத்தான் கம்ப்யூட்டர். நிஜ வேலை நடப்பது தலைமை அலுவலக சர்வருக்குள் இருக்கும் ‘விர்ச்சுவல் மெஷின்’ என்கிற உருவமில்லாத கம்ப்யூட்டரில். அதன் திரை மட்டும் இங்கே ஒரு ஜன்னலில் தெரியும்.

அன்று காலை அந்த ஜன்னலுக்குள் கீபோர்டு செத்துவிட்டது. மவுஸ் ஓடுகிறது, அம்புக்குறி நகர்கிறது, எந்தப் பட்டனைத் தட்டினாலும் ஓர் எழுத்தும் விழவில்லை. அந்த ஜன்னலுக்கு வெளியே, என் கம்ப்யூட்டரிலேயே அடித்தால் மட்டும் அழகாக விழுகிறது. எரிச்சலோடு தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டேன்.

“லாக் அவுட் பண்ணிட்டு திரும்ப உள்ள வாங்க மேடம்.”

“உள்ள வர பாஸ்வேர்டு கேக்குமே சார். அத எதால அடிக்கிறது, மூக்காலயா?”

“செக் பண்றேன்” என்றார். அப்படியென்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம் என்று அர்த்தம்.

வரிசையில் முதலில் நின்றவர் ஒரு தண்டையார்பேட்டை டிரைவர். காலி கன்டெய்னரை இறக்கியாகிவிட்டது. பாஸ் வந்தால் கிளம்பலாம். ராத்திரி முழுக்க எண்ணூர் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டு, கேபினிலேயே குளிக்காமல் புது வேட்டி கட்டியிருந்தார்.

“யக்கா, தங்கச்சி கொயந்தைக்குக் காது குத்து. மாமன் நான்தான், என் மடிலதான் குந்த வெக்கணும். ராவுகாலம் வர்றதுக்குள்ள போவணும்க்கா.”

கையால் எழுதிக் கொடுத்தால் செல்லாது. பாஸில் இருக்கும் பார் கோடைக் காட்டினால்தான் கேட்டின் கம்பி மேலே ஏறும். வண்டியைப் போட்டுவிட்டு ஓடலாமென்றால் பின்னால் லாரிகள் நிற்கின்றன. மனுஷன் என்னதான் செய்வார்? எனக்குப் பாவமாக இருந்தது.

திரையில் முந்தின நாள் பாஸ்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஓர் எழுத்தை மவுஸால் பிடித்து, காப்பி செய்து, இவருடைய பாஸில் ஒட்டினேன். விழுந்தது! வண்டி நம்பர், பெயர், லைசென்ஸ் நம்பர் எல்லாவற்றையும் இப்படி வீடு வீடாகப் பிச்சை எடுத்துத்தான் சேர்க்க வேண்டும். நடுவில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாலும் திரை பூட்டிக்கொள்ளும், அப்புறம் பாஸ்வேர்டு இல்லாமல் திறக்காது. பின்னால் ஹாரன் அடித்தவர்களை அறை ஜன்னல் வழியாகத் திட்டிக்கொண்டே ஒட்டினேன்.

பாதி கூட முடியவில்லை. அவர் மணியைப் பார்த்துவிட்டுத் தங்கைக்கு போன் போட்டார். இரைச்சலில் கேட்காது என்று ஸ்பீக்கரில் வைத்திருந்தார்.

“நேரம் போய்க்கினே கீதும்மா. உன் கொயுந்தன் மடில வெச்சி குத்திடு. நான் அப்பால வந்து பாத்துக்கறேன்.” சொல்லும்போதே குரல் உடைந்தது.

“இன்னாண்ணே பேசற? நல்ல நேரம் நாளிக்கும் வரும். எம்புள்ளிக்கு மாமன்னு நீ ஒருத்தன்தான் கீற. நீ வர்ற வரிக்கும் குந்திகினு இருப்போம். சாப்டியா?”

அவர் புது வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“யக்கா, நீ நிதானமா ஒட்டுக்கா. ஒண்ணும் அவசரமில்ல.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவசரம் இல்லையாம்! மிச்ச எழுத்துகளை நான் ஒட்டிய வேகத்தில் அதுவரை எந்த வேலையும் செய்ததில்லை. பிரிண்டர் முழுசாகத் துப்புவதற்குள் பாஸை இழுத்து அவர் கையில் திணித்து, “ஓடு” என்றேன்.